குடத்துள் விளக்கும் குன்றின்மேல் விளக்கும்

ஒன்றைப் போல மற்றொன்று இருக்கக் கண்டால், முன்னதிலிருந்தே பின்னது பிறந்தது என்று முடிவு கட்டிவிடும் ஆசை ஆராய்ச்சி உலகில் எளிதில் தணிவதில்லை. இலக்கியத் திறனாய்வில் இவ்வாசைக்கு ஓரளவு கடிவாளம் இட்டுவிட்டோம். கம்பர் வான்மீகியைத் தழுவினார் என்று கூறுங்கால், கதை ஒன்றாயிருத்தலை மட்டும் காட்டி நின்றுவிடுவதில்லை. கம்பரே தம் முதனூலாசிரியரைச் சுட்டியிருப்பதையும் காட்டுகிறோம். இசைத்துறையிலோ, அதிலும் அண்மைக் காலத்துப் பொறியிசைத் துறையிலோ, இத்தகைய கட்டுப்பாட்டை நாம் இன்னும் கைக்கொள்ளவில்லை. மேனாட்டார் போற்றும் இசை வகை ஒன்றுக்கு ஒப்பானது இந்தியாவில் முன்னரே இருந்தது என்று ஒருவர் சொன்னால் போதும். அடுத்த மேடையில் அது ‘நாம் அவர்க்குத் தந்தது’ என்றாகிவிடுகிறது.

இத்தகைய கூற்றொன்று 2010ஆம் ஆண்டிற்குப் பின் உலகெங்கும் பரவியது. இளைஞர் ஆடும் டெக்னோ, ஆசிட் ஹவுஸ் முதலிய இசைகளை முதன்முதல் படைத்தவர் பம்பாய் இசைஞர் ஒருவரே என்பது அது. இக்கூற்றில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று அளந்து பார்ப்பது நமக்கு வேண்டற்பாலது. ஏனெனில், முந்திப் பிறந்தமை, ஒத்திருத்தல், தாக்கம் விளைத்தல் என்னும் மூன்றும் வேறு வேறு. இவற்றை ஒன்றெனக் கொண்டால், நம் பெருமையையும் நாம் சரிவர உணராமற் போவோம்.

செருமானியர் இசைத்தட்டு

ஒப்பிடுவதற்கு உரியவை இரண்டு இசைத்தட்டுகள். அவற்றுள் முதலாவது, 1981 மே திங்களில் வெளிவந்த ‘கம்ப்யூட்டர் உலகம்’. இதனை ஆக்கியோர் செருமானிய நாட்டின் டுசல்டார்ஃப் நகரத்துக் கிராஃப்ட்வெர்க் குழுவினர். ரால்ஃப் ஹூட்டர், ஃப்ளோரியான் ஷ்னைடர் என்னும் இருவர் 1970இல் தொடங்கிய குழு இது. மின்னாக்க நிலையம் என்பது அப்பெயரின் பொருள். கிதாரும் முழவும் ஆண்ட மேனாட்டு மக்களிசையில் அவற்றை ஒதுக்கிவிட்டு, மின்னோட்டத்தால் ஒலி பிறப்பிக்கும் சிந்தசைசர் கருவிகளையே முதன்மையாக்கியவர்கள் இவர்கள். இவ்வகைப் பாட்டையே பின்னர் ‘சிந்த்-பாப்’ என்றனர்.

இத்தட்டில் உள்ளவை ஏழே உருப்படிகள். காவல்துறையும் வங்கியும் மனிதனை எண்களாகக் கணக்கில் ஏற்றி வைப்பதும், திரையின் முன் தனித்திருப்பவன் துணை தேடுவதும், சட்டைப்பையில் அடங்கும் கணக்குப்பொறியைக் குழந்தை போல் தட்டி மகிழ்வதும் இதன் பாடுபொருள்கள். வீடுகளில் கணினி புகாத நாளில் இவற்றைப் பாடியமை வியப்புக்குரியது. ஆயினும், பின்வந்த இசையை மாற்றியது பாடுபொருளன்று, இசையின் கட்டுக்கோப்பே.

‘எண்கள்’ என்னும் உருப்படியை நோக்குக. அதில் பாட்டு என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. பல மொழிகளில் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணும் குரல்கள் மட்டுமே உண்டு. மெட்டு இருக்க வேண்டிய இடத்தில் தாளம் அமர்ந்திருக்கிறது. ஒவ்வோர் ஒலியும் மற்றதனோடு கலவாமல் தனித்து நிற்கிறது. ஒலிக்கும் ஒலிக்கும் இடையே வெற்றிடம் உண்டு. திரும்பத் திரும்ப வருதல் இங்கே குறையாகத் தோன்றுவதில்லை, அதுவே வடிவமாகிறது. பல்லவியும் சரணமும் இன்றி, ஒரே நடையின் சிறு சிறு மாறுதல்களால் மட்டும் கேட்போரைப் பிடித்து நிறுத்த இயலும் என்பதை இத்தட்டு காட்டிற்று.

கொண்டவர் யார்?

இவ்விசை சென்று சேர்ந்த வழி தெளிவாக அறியப்பட்டது. நியூயார்க்கில் 1982இல் ஆப்பிரிக்கா பம்பாட்டா குழுவினர் வெளியிட்ட ‘பிளானட் ராக்’ என்னும் பாட்டு, கிராஃப்ட்வெர்க்கின் 1977ஆம் ஆண்டுத் தட்டிலிருந்து மெட்டையும், ‘எண்கள்’ உருப்படியிலிருந்து தாளப்போக்கையும் எடுத்துக்கொண்டு எழுந்தது. ஹிப்-ஹாப் இசையில் பொறித்தாளம் வேரூன்றப் பெருந்துணை செய்தது அதுவே.

மோட்டார் வண்டித் தொழிலால் பெயர்பெற்ற டெட்ராய்ட் நகரில், எலக்ட்ரிஃபையிங் மோஜோ என்னும் புனைபெயர் கொண்ட வானொலி அறிவிப்பாளர் கிராஃப்ட்வெர்க் இசையை இரவுதோறும் கறுப்பின இளைஞர்களின் செவிக்குக் கொண்டு சென்றார். அவ்வாறு கேட்டோருள் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்னும் மூவர் அந்நகரை அடுத்த பெல்வில் பள்ளி மாணவர். அட்கின்ஸ் தம் நண்பர் ரிக் டேவிசுடன் சேர்ந்து 1981இல் முதல் தட்டையும், 1983இல் ‘கிளியர்’ என்னும் பாட்டையும் வெளியிட்டார். இவர்கள் வளர்த்த இசைக்கு ‘டெக்னோ’ என்னும் பெயர் ஆல்வின் டாஃப்ளரின் ‘மூன்றாம் அலை’ என்ற நூலில் வரும் சொல்லைத் தழுவியது. 1988இல் இங்கிலாந்தில் வெளியான தொகுப்பொன்று அப்பெயரை உலகறியச் செய்தது.

எனினும், டெக்னோவைச் செருமானியரின் பிள்ளை என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. ஜார்ஜ் கிளிண்டனின் ஃபங்க் இசை முதலிய தம் இனத்தாரின் மரபை அவ்விளைஞர்கள் முன்னரே பெற்றிருந்தனர். அம்மரபின் துள்ளலையும் செருமானியரின் ஒழுங்கையும் இணைத்ததே அவர்கள் செய்த புதுமை. இங்கே ஓர் உண்மை புலனாகிறது. தாக்கம் என்பது கொடுப்பவர் செயலன்று; கொள்பவர் செயல். மழை எங்கும் பெய்யினும் உழுதிட்ட நிலமே விளைகிறது. வானொலியும், இரவில் விழித்திருந்து கேட்ட செவிகளும், விலை மலிந்த பொறிகளும் இல்லாதிருப்பின், ‘கம்ப்யூட்டர் உலகம்’ சிறந்ததொரு தட்டாக மட்டும் நின்றிருக்கும்.

பம்பாய் இசைத்தட்டு

இனி இரண்டாவது தட்டைக் காண்போம். சரண்ஜித் சிங் பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் பல்லாண்டுகள் வாசித்தவர். ராகுல் தேவ் பர்மன் முதலிய இசையமைப்பாளர்களிடம் பணிபுரிந்தவர். 1980இல் வந்த ‘குர்பானி’ படத்திற்குப் பின் இந்தித் திரையுலகில் டிஸ்கோ தாளம் அலைபோல் எழுந்தது. அத்தாளத்தை வைத்துக்கொண்டே வேறொன்று செய்தாலென்ன என்று இவர் எண்ணினார். தபேலாவை நீக்கிவிட்டுப் பொறித்தாளத்தின்மேல் இந்துஸ்தானி இராகங்களை வாசித்து, 1982இல் ‘டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் பதிவுசெய்தார்.

இதற்கு அவர் பயன்படுத்தியவை சப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகள்: டி.ஆர். 808 என்னும் தாளப்பொறி, டி.பி. 303 என்னும் மந்தர ஒலிப்பொறி, ஜூபிட்டர் 8 என்னும் சிந்தசைசர். ஜூபிட்டர் கருவியை அவர் வாங்கியது நம் அண்டை நகராகிய சிங்கப்பூரில் என்பது இந்நாட்டு வாசகர்க்குச் சுவையான செய்தி.

பைரவ், லலித், பூபாளி, தோடி, மதுவந்தி, மேக்மல்கார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி என்பன அத்தட்டின் பத்து இராகங்கள். பெயர் ஒப்புமையை நம்புவோர்க்கு இப்பட்டியலிலேயே ஒரு பாடம் உண்டு. இந்துஸ்தானியின் தோடி நம் தோடியன்று; சுரங்களால் அது நம் சுபபந்துவராளி. நம் தோடியின் சுரங்களோ அவர்களின் பைரவிக்கு உரியவை. பெயர் வேறாயினும் பூபாளி நம் மோகனத்தோடும், மால்கௌன்ஸ் இந்தோளத்தோடும், யமன் கல்யாணியோடும் சுர அளவில் ஒன்றும். பெயர் ஒன்றிப் பொருள் வேறுபடுதலும், பொருள் ஒன்றிப் பெயர் வேறுபடுதலும் இசையிலும் உண்டு.

இத்தட்டு விலைபோகவில்லை, விரைவில் மறக்கப்பட்டது. இருபது ஆண்டுகட்குப் பின், 2002இல், எடோ பௌமன் என்னும் டச்சுக்காரர் தில்லியில் பழைய தட்டுகளைத் தேடுங்கால் இதனைக் கண்டெடுத்தார். 2010இல் அது மறுபதிப்புப் பெற்றது. அப்பொழுதுதான் கேட்டோர் திகைத்தனர். சிகாகோவில் ஃபியூச்சர் குழுவினர் 1987இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்னும் தட்டை வெளியிட்டு ஆசிட் ஹவுஸ் இசைக்கு வழிகோலினர். அதே டி.பி. 303 கருவியின் அதே வழுக்கும் ஒலி ஐந்தாண்டுகட்கு முன்னரே பம்பாயில் ஒலித்திருந்தது!

ஒப்புமைக்குக் காரணம்

சிகாகோ இளைஞர் பம்பாய்த் தட்டைக் கேட்டனர் என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. சரண்ஜித் சிங்கும் சிகாகோவையோ டெட்ராய்ட்டையோ மனத்திற்கொண்டு வாசித்தாரல்லர். அங்ஙனமாயின் இவ்வொப்புமை எங்ஙனம் வந்தது? விடை கருவியில் இருக்கிறது.

டி.பி. 303 ஒரு தாளவட்டத்தைப் பதினாறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு சுரத்தை ஏற்றிவைத்துத் தானே ஓயாது வாசிப்பது. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிச் செல்லும் வசதியும் அதற்கு உண்டு. மந்தர கிதார் வாசிப்பாருக்கு மாற்றாக ஆக்கப்பட்ட இக்கருவி, கிதாரைப் போல் ஒலிக்கவேயில்லை. ஆதலால் வாங்குவாரற்று 1984இல் உற்பத்தி நின்றது. பழம்பொருள் கடைகளில் அது மலிவாகக் கிடைத்தமையாலேயே சிகாகோ இளைஞர் கைக்கு எட்டியது. அவர்கள் அதன் திருகுகளை மனம்போல் திருப்பியபோது பிறந்த புலம்பலும் கீச்சொலியுமே ஆசிட் ஹவுஸ் ஆயின.

சரண்ஜித் சிங்கோ வேறொரு வாயிலின் வழியே அதே அறைக்குள் நுழைந்தவர். இராக இசையில் மேனாட்டிசைபோல் சுரக்கூட்டுகள் மாறி மாறி வருவதில்லை; ஒரே ஆதார சுருதியின்மேல் இசை முழுதும் நிற்கிறது. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதன் உயிர். ஒரே நிலையில் நின்று சுழல்வதும் வழுக்கி நகர்வதுமே அக்கருவியின் இயல்புகள். இராகமறிந்தவர் அதனைக் கையில் எடுத்தபோது இரண்டும் பொருந்தியதில் வியப்பில்லை. எனவே இவ்வொப்புமை ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றதால் வந்ததன்று. ஒரே கருவி இரு வேறு தேவைகட்கு ஒரே விடையைத் தந்ததால் வந்தது.

நம்மிடையே இதற்கு எளிய சான்று ஒன்றுண்டு. தைப்பூச நாளில் பத்துமலையில் உறுமி மேளம் கேட்டிருப்பீர்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்குங்கால் உறுமி எழுப்பும் ஒலியும் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு வழுக்கிச் செல்வதே. அடுத்தடுத்து வரும் தாளத்தின்மேல் அது உறும, கேட்போர் தம்மை மறப்பர். இதைக்கொண்டு உறுமியிலிருந்து டி.பி. 303 பிறந்தது என்பார் உளரோ? ஒப்புமையைச் சுவைப்பது வேறு; அதிலிருந்து பிறப்புரிமை கோருவது வேறு.

இசை எத்தகையது?

தாக்கம் விளைக்கவில்லை என்பதனால் சரண்ஜித் சிங்கின் தகுதி குறையுமோ எனின், குறையாது. அவரை டெக்னோவின் தந்தை என்று புகழ்வோரே அவர்க்கு ஒருவகையில் தீங்கு செய்கின்றனர். அப்புகழ்ச்சியில் அவர் வாசித்த இராகம் மறைந்து, சிகாகோவை முந்திய ஆண்டுக்கணக்கு மட்டுமே எஞ்சுகிறது. இசைஞரை இசையைக் கொண்டே அளக்க வேண்டும்.

அவ்வாறு அளந்தால் நிறையும் குறையும் தோன்றும். இராகத்தின் சுர எல்லையை அவர் மீறவில்லை. புதுக்கருவியின் கவர்ச்சிக்கு ஆட்பட்டு அயற்சுரம் கலக்கவில்லை. தந்திக்கும் தொண்டைக்கும் உரிய வளைவுகளைச் சாவிப்பலகையில் கொணர முயன்றமையும் போற்றத்தக்கது. ஆனால் பத்து இராகங்கட்கும் ஒரே வகை ஓட்டம் அமைந்தமை குறையே. மால்கௌன்சின் ஆழ்ந்த அமைதியும் பூபாளியின் எளிய இனிமையும் ஒரே விரைவில் செலுத்தப்படுகையில், ஒவ்வொன்றன் மெய்ப்பாடும் முழுதும் விரிய இடமில்லை. நின்று நிதானித்துச் சுரத்தை வளர்க்கும் ஆலாபனைக்கும், கணக்கு வழக்கோடு வந்து முடியும் லயநுட்பத்துக்கும் பொறியின் இடையறாத அடி வழிவிடவில்லை. தபேலாவை நீக்கியதால் புதுமை பிறந்தது. அதனாலேயே உரையாடல் ஒன்றும் அறுந்தது. இராகம் பேசுகிறது, தாளம் மறுமொழி கூறவில்லை.

கிராஃப்ட்வெர்க் தட்டில் இக்குறை இல்லாமைக்குக் காரணம், அவர்கள் பொறியின் தன்மைக்கு ஏற்பவே இசையைக் கட்டினர் என்பது. பொறி திரும்பத் திரும்பச் சொல்வது. ஆகவே திரும்பச் சொல்லுதலையே அழகாக்கினர். சரண்ஜித் சிங் ஒரு பழைய பெருமரபைப் பொறியின்மேல் ஏற்ற முயன்றார். அரிய முயற்சியில் பாதி வெற்றி, எளிய முயற்சியின் முழு வெற்றிக்குத் தாழ்ந்ததன்று.

விளக்கு ஒன்று, வைத்த இடம் வேறு

குடத்துள் இட்ட விளக்கும் குன்றின்மேல் இட்ட விளக்கும் ஒளியால் வேறல்ல. வைத்த இடத்தால் வேறு. செருமானியர் தட்டு வானொலி என்னும் குன்றில் ஏறியது. பம்பாய்த் தட்டு குடத்துள் அடைபட்டது. 2010க்குப் பின் சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் தாமே வாசித்து இளைஞர் ஆடக் கண்டார், 2015இல் மறைந்தார். வாழ்நாளிலேயே குடம் உடைந்ததை ஒரு பேறு என்றே கொள்ள வேண்டும்.

தமிழாசிரியர்க்கு இந்நிலை புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் ஆய்ச்சியர் குரவையும் நுண்ணிய இசையறிவைத் தாங்கி நிற்கின்றன. ஆயினும் அவ்விசையை மீட்டிய யாழ் வழக்கொழிந்தது. மீட்டும் கையும் ஒழிந்தது. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டதும், விபுலாநந்த அடிகள் 1947இல் ‘யாழ் நூல்’ தந்ததும் அறுந்த மரபை அறிவால் முடிச்சிட்ட முயற்சிகளே. ஒரு கலை முன்னர் இருந்தது என்பது பெருமை. அதைக் கேட்டுப் பெற்று அடுத்தவர்க்குத் தந்தோர் இருந்தனர் என்பதே வாழ்வு.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

இவ்வளவையை நம் ஊருக்கும் பொருத்திப் பார்ப்போம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை வாழும் தமிழர் செவிக்குப் பொறியிசை பெரும்பாலும் திரைப்பாட்டின் வழியே வந்தது. இளையராசா இசையமைத்து 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ என்னும் படங்களின் மின்னிசையை இங்கு அறியாதார் அரியர். பின்னர், கோலாலம்பூரில் எழுந்த பொயட்டிக் அம்மோ குழுவினர் 1990களில் ஹிப்-ஹாப்பைத் தமிழுட்படப் பல மொழிகளில் வழங்கினர். அக்குழுவின் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் ‘நட்சத்ரா’ என்னும் பெயரில் இணைந்து 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பைத் தந்தார். 1980ஆம் ஆண்டு ‘நிழல்கள்’ படத்தில் இளையராசா அமைத்த பாட்டொன்றை எடுத்துப் புதுக்கிய ‘மடை திறந்து’ அதன் தலையாய உருப்படி. அது கடல் கடந்து தமிழ்நாட்டையும் அடைந்தது.

இங்கே தாக்கத்தின் வழி ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது. எடுத்த பாட்டு எது, எடுத்தவர் யார், எந்த ஆண்டு என்று நாம் சொல்ல முடிகிறது. டுசல்டார்ஃபில் தொடங்கி நியூயார்க் வழியே வந்த பொறித்தாள மரபின் ஒரு கிளையும், சென்னையிலிருந்து வந்த மெட்டும் கோலாலம்பூரில் கைகோத்தன. இதற்குமேல் சென்று, கிராஃப்ட்வெர்க்கே ‘வல்லவ’னுக்கு நேர்மூலம் என்று கூறுதல் நாம் மறுத்த மிகையை நாமே செய்வதாகும்.

பிரிக்பீல்ட்ஸில் 1981 முதல் கலை வளர்த்துவரும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் இராகம் பயிலும் மாணவர்க்கு, சரண்ஜித் சிங்கின் பூபாளியை ஒருமுறை கேட்பித்து, இதில் மோகனம் எங்கே நிற்கிறது, எங்கே நழுவுகிறது என்று வினவலாம். அவ்வினா, ‘நாமே முதல்வர்’ என்னும் முழக்கத்தினும் பயன் மிக்கது.

மற்றொரு கடமையும் உண்டு. இந்நாட்டில் உறுமிக் குழுக்களும் உள்ளூர்ப் பாடகர்களும் ஒலிநாடாவிலும் குறுந்தட்டிலும் பதிந்தவை பல வீடுகளில் தூசி படிந்து கிடக்கின்றன. அச்சிட்ட நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்துள்ளது. பள்ளிதோறும் ஓர் ஆசிரியர் தம் ஊரில் பதிவான தட்டுகளின் பெயர், ஆண்டு, வாசித்தோர், பயன்படுத்திய கருவி ஆகியவற்றை ஓர் ஏட்டில் குறித்து வைத்தாலே போதும். பின்வருவோர்க்கு அது பெருந்துணையாகும். நம் இசையை இருபது ஆண்டுகள் கழித்து எவரேனும் பழங்கடையில் தேடிக் கண்டெடுத்து நமக்குச் சொல்லும் நிலை வரக்கூடாது. குடத்துள் இருக்கும் விளக்கை எடுத்து வெளியே வைக்கக் குன்று தேடி அலைய வேண்டுவதில்லை. வகுப்பறையின் மேசை ஒன்று போதும்.